ஆயுத பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் பையோடு உள்ளே நுழைந்ததும் அறை காலியாகிவிடும். அதுவரை ஓடாத கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னவர்கள், "ஆள் வந்துட்டாரு" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்புறம் மேசைக்கடியில் நீங்கள், தூசி, எப்போதோ விழுந்த ஒரு பேப்பர் கிளிப். பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தம் இருக்காது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் சேர்ந்து, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மேசை மேசையாகக் குனிந்து, முதுகு இனி முடியாது என்று சொன்ன நாள்வரை நான் அப்படித்தான் இருந்தேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

மற்றதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு எரியாவிட்டால் எந்தப் பகுதி கெட்டது, எத்தனை பீப் கேட்டால் என்ன அர்த்தம், எல்லாம் அதில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு காலையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று அறை காலியாகவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காலியான அறை எவ்வளவு பெரிய சலுகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானில் ஒரு கிராணியார் இருந்தார். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கணக்கு எழுதிய குமாஸ்தா. ரப்பர் தோட்டம் வீடமைப்புக்காக விலைபோனபோது அவருடைய வேலையும் போனது. தோட்டத்து ஆபீசின் பழைய கம்ப்யூட்டரை அவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தூக்கிப் போட வேண்டியதைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எந்த வீட்டில், யார் இருந்தார்கள், யாருக்கு எந்த வருடம் என்ன பிள்ளை பிறந்தது என்று எழுதிவைத்த பெரிய பதிவுப் புத்தகங்கள் இருந்தன. பாதியைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. கறையானுக்கு முந்திக்கொண்டு, ஆபீசில் கடைசி இரண்டு வருடமும், ஓய்ந்த நேரமெல்லாம் கிராணியார் அவற்றை ஒவ்வொரு வரியாகத் தட்டிவைத்துவிட்டார். தோட்டத்தில் ஆறு டிவிஷன், பிரிவுக்கு ஒன்றாக ஆறு ஃபைல். ஆபீசைக் காலி செய்தவர்கள் மிச்சப் புத்தகங்களைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆக, ஆறு டிவிஷன் ஜனங்களும் பிறந்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்தான்.

சாட்சி எதற்கு என்று கேட்பீர்கள். தோட்டத்தில் பிறந்த பல பேருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் நீல ஐசி கிடையாது. நீல அடையாள அட்டை இல்லாதவன் இந்த நாட்டில் பிறந்தும் எங்கோ இருந்து வந்தவன். விண்ணப்பம் போட்டால், இங்கேதான் பிறந்தாய் என்று யார் சொல்வது என்று கேட்பார்கள். கிராணியார்தான் சொல்வார். பதிவில் இருந்து ஒரு பக்கத்தை அச்செடுத்து, அடியில் தம் கையெழுத்தும் பழைய பதவியும் போட்டுக் கொடுப்பார். தோட்டம் கலைந்து நாலா பக்கமும் போனவர்கள் பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் தடவை நான் அங்கே போனது அந்த வருட ஏப்ரலில். கம்ப்யூட்டர் எழவில்லை. திறந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் சுழலவில்லை. பழைய டிஸ்குகளுக்கு அந்த வியாதி உண்டு. உள்ளே தட்டு சுற்ற வேண்டும், அதன்மேல் மயிரிழை தூரத்தில் ஒரு முள் மிதக்க வேண்டும். வயதான டிஸ்க் அணைந்து குளிர்ந்தால் முள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். எழுந்துவிட்டது. கிராணியார் கை கூப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் வேறொரு ஆள் காத்துக்கொண்டிருந்தார். "இனி இதை அணைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பிள்ளைகளே, என் குற்றம் அங்கே இருக்கிறது. அது சாகப்போகிற டிஸ்க் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து ஆறு ஃபைலையும் வேறு இடத்தில் எடுத்துவைக்க அரை மணி நேரம் போதும். ஓடுகிற மெஷினைப் பார்த்தால் நமக்கு அது குணமான மெஷினாகத் தெரிகிறது. ஏன் அணைக்கக்கூடாது என்று அவரிடம் சொல்லவும் இல்லை. காரணம் இல்லாமல் கட்டளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன், ஏதோ டாக்டர் மாதிரி.

அவர் ஆறு மாதம் அணைக்கவில்லை. மின்சாரமும் ஒரு நாளும் போகாதது எங்கள் இருவரின் அதிர்ஷ்டம். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

மறுநாள் விஜயதசமி அன்று காலை, கம்ப்யூட்டர் எழவில்லை என்று கடைக்குப் போன் வந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே சந்தன வாசனை. உள்ளே கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கனகாம்பரம். பக்கத்தில் அவருடைய பழைய பேனாவும் அடிக்கோலும். திரைக்குப் புதுத் துண்டு போர்த்தியிருந்தது. கல்யாண வீட்டில் தூங்கிப்போன கிழவர் மாதிரி அது உட்கார்ந்திருந்தது.

அணைத்தீர்களா என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆறு மாசமா ராத்திரி பகலா ஓடுது தம்பி," என்றார் கிராணியார். "கத்தி கடப்பாரைக்குக்கூட பூஜை நாள்ல ஓய்வு குடுக்குறோம். இதுக்கு ஒரு நாள் ரெஸ்ட் குடுக்க வேணாமா? பாவமா இருந்துச்சு."

அவர் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். அந்த வீட்டில் இரவில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதன்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். பூஜை நாளில் கருவிக்கு ஓய்வு கொடுக்கும் ஜனம் நாம். அணைத்தால் செத்துப்போகும் கருவி என்று ஒன்று இருக்கும் என்று யார் அவருக்குச் சொன்னது? சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சுவரோரமாக ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அஞ்சலை என்று பெயர், சாலாக் செலாத்தானில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், ஐந்தாவது டிவிஷனில் பிறந்தவள் என்று கிராணியார் அறிமுகம் செய்தார். மறுநாள் காலை அவளைப் பதிவு அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தேதிக்காக மூன்று வருடம் அலைந்திருக்கிறாள். பிறந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு நீலக் கார்டு இல்லாததால் மகளுக்கும் ஒரு பேப்பர் இல்லை. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதப் போன இடத்தில் மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவையும் அவர் சொல்லச் சொல்ல, அவள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் தலையைத் திருப்பிச் சொன்னாள்.

"அதுக்கு வச்ச பொட்ட எனக்கு வச்சிருந்தா, நானாவது எந்திரிச்சு ஓடியிருப்பேன், ஐயா."

"நீ சும்மா இரு லா," என்றார் கிராணியார். ஆனால் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் பயந்துபோயிருந்தோம் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

வேறு எங்கேயாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அலமாரியில் இருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே ஃப்ளாப்பிகள். மேலிருந்த தகர மூடியைத் தள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கிள்ளான் காற்றின் ஈரம். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாக மூடினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். டின்னை மூடி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வயர்கள் மட்டும் அதைப் பெட்டியோடு பிடித்திருந்தன. இந்த முறை தட்டுவதற்குக் கை வரவில்லை. ஏப்ரலில் தட்டியதே முள்ளைக் காயப்படுத்தியிருக்கும். என்ன ஆச்சு என்று அஞ்சலை கேட்டாள். ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"கோப்பையில பால் காஞ்சு ஒட்டிக்குமே, அந்த மாதிரியா?"

பன்னிரண்டு வயதில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போனவள். ஆமாம் என்றேன்.

"அப்ப இழுக்காதீங்க அண்ணே. கிழிஞ்சிரும். லேசாத் திருகணும்."

இந்தத் தொழிலில் அதைத்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் பெரிய வார்த்தைகளில். மணிக்கட்டைச் சுழற்றத் தயாராக வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போடச் சொன்னேன். அவள் எழுந்து வந்து போட்டாள். ஒரு திருகல். ஒன்றுமில்லை. இன்னொன்று. என் கைக்குள் ஒரு சின்ன நடுக்கம் பிறந்தது, மெல்ல விசையேறி, வீ என்று ஒரு ஓசையாக நீண்டது. ஆனால் ஓசை சுத்தமாக இல்லை. அடியில் எங்கேயோ உரசல். இனி இது எத்தனை நிமிடம் ஓடும் என்று தெரியாது, அணைந்தால் மறுபடி எழாது என்று மட்டும் தெரியும்.

டிஸ்கை அசையாமல் பெட்டிமேல் வைத்துவிட்டு, புது ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டேன். முதலில் ஐந்தாவது டிவிஷன். அவள் எதிரே இருக்கிறாள், நாளைக்கு அவளுடைய நாள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பாதி வந்தது. நின்றது. டொக், டொக் என்று முள் ஒரே இடத்தில் தலையை முட்டியது. திரையில் அந்த மூன்று வார்த்தைகள் வந்தன. அபார்ட், ரிட்ரை, ஃபெயில். விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா, தோற்றுப்போகவா. உங்கள் காலத்து மெஷின்கள் இவ்வளவு நேரடியாகக் கேட்பதில்லை.

விதி என்ன என்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் வேலை கற்ற எல்லாருக்கும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கெட்ட இடத்தில் நிற்காதே. அதை விட்டுவிட்டு நல்லதையெல்லாம் முதலில் எடு, கடைசியில் திரும்பி வா. ஒவ்வொரு முறை மறுபடி பார்க்கச் சொல்லும்போதும் அந்த முள் காயத்தின்மேல் தேய்கிறது. ஒரு ஃபைலுக்காக மற்ற ஐந்தையும் பணயம் வைக்காதே.

சரியான விதி. விட்டுவிட ஏ, மறுபடி பார்க்க ஆர்; ஏ என்ற எழுத்தை அழுத்தினால் போதும். மற்ற ஐந்து டிவிஷனும் வந்திருக்கும், பெரும்பாலும். அதில் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. காப்பாரில், ஸ்ரீ கெம்பாங்கானில், எந்தெந்தத் தொழிற்சாலையிலோ நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். தங்கள் பெயர் என் விரலுக்குக் கீழே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அஞ்சலைக்குத் தெரியும். அவள் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

கிராணியாரைக் கேட்டிருக்க வேண்டும். அது அவருடைய புத்தகம், இரண்டு வருடம் கண்ணைக் கொடுத்துத் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டால் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் கேட்கவில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், அவர் 'விட்டுடுங்க தம்பி' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அது.

ஆர் என்ற எழுத்தை அழுத்தினேன்.

டொக், டொக். அதே கேள்வி. மறுபடி ஆர். உரசல் கொஞ்சம் உயர்ந்தது. மறுபடி. வெளியே மழை பலத்தது, தகரக் கூரையில் விழும் சத்தத்தில் டிஸ்கின் சத்தம் மறைந்ததால், காதைப் பெட்டியோடு வைத்துக்கொண்டேன். கன்னத்தில் குங்குமம் ஒட்டியது. எட்டாவதோ ஒன்பதாவதோ முறை முள் எதையோ தாண்டிக் குதித்தது. மிச்சப் பாதி மளமளவென்று இறங்கியது. ஐந்தாவது டிவிஷன் முழுசாக வந்துவிட்டது.

அடுத்து முதல் டிவிஷனைப் போட்டேன், வந்தது. இரண்டாவது, இழுத்து இழுத்து வந்தது. மூன்றாவதைத் தொட்டபோது டிஸ்க் கீச்சென்று ஒரு குரல் எழுப்பியது. அதுவரை எந்த மெஷினிடமும் நான் கேட்டிராத குரல். அப்புறம் சுற்றுவது மெல்லக் குறைந்து, நின்றது. மறுபடி கையில் எடுத்துத் திருகினேன். சுவிட்சை அணைத்துப் போட்டுத் திருகினேன். சூடாக ஒரு இரும்புத் துண்டு என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றும் நான்கும் ஆறும் போய்விட்டன.

என் பையில் இருந்த வேறொரு ஃப்ளாப்பியால் மெஷினை எழுப்பி, அஞ்சலையின் பக்கத்தைத் தேடி அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று வரி வரியாக அடித்தது. கிராணியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். இத்தனையாவது லயம், இத்தனையாவது வீடு, அப்பா பெயர், அம்மா பெயர். நான்காவது பிள்ளை, பெண், அஞ்சலை. அடுத்த வரியில் ஐந்தாவது பிள்ளை, ஆண், பெயர் வைக்கும் முன்னே இறப்பு. அந்த வரியை அவர் மெதுவாகப் படித்தார். அவள் தலையசைத்தாள், தெரியும் என்பதுபோல. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மழையில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"மூணாவது டிவிஷன் வந்துச்சா அண்ணே? எங்க சின்னம்மா பிள்ளைங்க அங்கதான். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்கேன்."

நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிய வயரையே மறுபடி சுருட்டினேன்.

"வரும்மா," என்றார் கிராணியார். "நீ கிளம்பு, பஸ் போயிரும். நாளைக்கு நேரத்தோட போ."

அவளுக்கு நீல ஐசி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, உடனே அல்ல. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டு, அப்புறம் கிடைத்தது. மகளும் பள்ளிக்கூடம் போனாள். கிராணியார்தான் போனில் சொன்னார். இதைச் சொல்வதால் நான் செய்தது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியென்று நானே சொல்லவில்லை. ஏ அழுத்தியிருந்தால் மற்ற ஐந்தும் வந்திருக்குமா, ஐந்தாவதும் கடைசியில் வந்திருக்குமா, எதுவுமே வந்திருக்காதா, யாருக்கும் தெரியாது. மறுநாளில் இருந்து கடைக்கு வந்த புது ஆட்களுக்கு நான் அதே விதியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கெட்ட இடத்தில் நிற்காதே. நின்றவன் கதையைச் சொன்னதில்லை. எழுத்தாக இப்போதுதான் சொல்கிறேன். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்களோ. விதியை மறக்காதீர்கள், நாற்காலியையும் மறக்காதீர்கள். ஆனால் அது வருவதற்கு ஆறு மாதம் முன்னால், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மத்தியானத்தில், அவசரப்படாமல் உட்கார்ந்து நகல் எடுத்துவையுங்கள். ஏன் என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் செய்தவனுக்கு இந்த எழுத்துகளில் எதையும் அழுத்த வேண்டி வராது.

அஞ்சலை போனபிறகு கிராணியாரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஏப்ரலில் செய்தது, செய்யாதது, இன்றைக்கு அவரைக் கேட்காமல் விட்டது. அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உள்ளே போய்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பூஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். எழுதிப் பார்த்தார். எழுத்து கோணலாக விழுந்தது. நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, நீங்க எழுதுங்க. மூணாவது டிவிஷன். முதல் லயம்."

பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் போக வேண்டியிருந்தது. போனை எடுத்து இன்றைக்கு வரமாட்டேன் என்று கடைக்குச் சொன்னேன். நோட்டைத் திறந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசில் இருந்து இறங்கி நடப்பதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். முதல் வீடு, ராமையா, மனைவி செல்லம்மா, பிள்ளைகள் மூன்று, மூத்தவன் பிறந்தது வெள்ளம் வந்த வருடம். இரண்டாவது வீடு, முனுசாமி. மூன்றாவது வீடு, விதவை, பெயர் காத்தாயி, ஒரே மகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, எண்ணிச் சொன்னார். நான் எழுதினேன். மழை நின்றது. ஐந்தாவது வீடு, ஆறாவது வீடு.

ஏழாவது வீட்டில் நின்றுவிட்டார்.

"வாசல்ல ஒரு பப்பாளி மரம் இருக்கும்," என்றார். "பெரிய பையனுக்கு இடது கால் கொஞ்சம் சாய்வா இருக்கும். அந்தம்மா நல்லாப் பாடும். பேரு..."

காத்திருந்தேன். ஒரு லோரி தெருவில் போய் மறைந்தது. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"வரல," என்றார். "எடத்தை விட்டுட்டு அடுத்த வீட்ட எழுதுங்க."

அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

விரல்விட்டு எண்ணினார். "ஏழு பேரு."

ஏழு வரி விட்டேன்.